நம்ம ஊர்ப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?

இன்னிக்கு கிருத்திகை. விரதம் இருக்கிற தம்பி தங்கைகள் எல்லாரும் சாயங்காலம் கோவிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி இதைப் படிங்க. இந்த வருஷம் எனக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போறேன். அதுல என் தப்பும் இருக்கு, முருகன் கருணையும் இருக்கு.

முதல்ல ஒரு கேள்வி. உங்க போன்ல எத்தனை முருகன் பாட்டு இருக்கு?

நான் போன வாரம் எண்ணிப் பார்த்தேன். நானூறுக்கு மேல. சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசம், டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன், பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள்னு எல்லாரும் இருக்காங்க. பாதி நீங்க எனக்கு அனுப்பினது. அதுல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டது எத்தனைன்னு யோசிச்சேன். ஐம்பது தேறாது. மத்ததெல்லாம் வந்துச்சு, பத்து செகண்ட் கேட்டேன், ரெண்டு கை கூப்பற படம் போட்டேன், இன்னும் பத்து பேருக்குத் தள்ளி விட்டேன். பக்தி செஞ்ச திருப்தியோட தூங்கிட்டேன்.

இது தப்பான்னு கேட்டா, தப்பு இல்லை. ஆனா போதுமான்னு கேட்டா, போதாது. அதை எனக்குக் காட்டினவர் ஒரு தாத்தா.

உத்திரமேரூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற ஒரு கிராமம். அங்க ஒரு சின்ன பஜனைக் கோவில். கிருத்திகைக்குக் கிருத்திகை ஏழெட்டு பேர் உட்கார்ந்து பாடுவாங்க. ஒரு ஆர்மோனியம், ரெண்டு ஜோடி ஜால்ரா, ஓரம் கிழிஞ்ச ஒரு டோலக். நடுவுல அந்தத் தாத்தா. நெசவுக்காரர். எண்பது வயசை நெருங்கிட்டார்.

அருணகிரிநாதர் நம்ம உத்திரமேரூருக்கு வந்து முருகனைப் பாடியிருக்கார். இது நம்ம ஊர்ப் பசங்களுக்கே நிறைய பேருக்குத் தெரியாது. திருப்புகழ் புத்தகத்தை எடுத்து 'உத்தரமேரூர்'னு தேடிப் பாருங்க, பாட்டு இருக்கும். அதுல 'சுருதி மறைகள்'னு ஆரம்பிக்கிற பாட்டை அந்தத் தாத்தா பாடுவார். நான் எந்த கேசட்லயும், எந்த வீடியோவுலயும் கேட்காத ஒரு மெட்டு. அவங்க அப்பாகிட்ட தறியில உட்கார்ந்துகிட்டே கத்துக்கிட்டதாம். நாடா இந்தப் பக்கம் ஒரு தடவை போகும், அந்தப் பக்கம் ஒரு தடவை வரும், காலு மிதியை மிதிக்கும். அந்தக் கணக்கு அப்படியே பாட்டுக்குள்ள இருக்கும். கேட்கும்போது நம்ம காலே தானா அசையும்.

முதல் தடவை கேட்டப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. பாட்டு முடிஞ்சதும் ஓடிப்போய், "தாத்தா, இதை ரெக்கார்ட் பண்ணி எல்லாருக்கும் அனுப்பணும். அடுத்த கிருத்திகைக்கு நல்ல மைக் எடுத்துக்கிட்டு வரேன்"னு சொன்னேன்.

அவர் சிரிச்சார். "அதெல்லாம் அப்புறம் புடிச்சிக்கலாம் கண்ணு. முதல்ல பக்கத்துல குந்து. கூடப் பாடு"ன்னார்.

நான் உட்காரலை. காலையில ஷிப்ட் இருக்கு, ஒரகடம் போற கம்பெனி பஸ் நாலரைக்கே வந்துடும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். அடுத்த கிருத்திகைக்கும் போனேன், மைக் கொண்டு போகலை. அதுக்கு அடுத்ததுக்கு மழை. இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு. ஒவ்வொரு தடவையும் அவர் தன் பக்கத்துல தரையைத் தட்டிக் காட்டுவார், குந்துன்னு. நான் "வரேன் தாத்தா, வரேன் தாத்தா"ன்னு சொல்லிக்கிட்டே நிப்பேன்.

இந்த வருஷம் தை மாசம் அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. வலது கையும் காலும் விழுந்துபோச்சு. பேச்சும் போயிடுச்சு.

பார்க்கப் போனேன். திண்ணையில கயித்துக் கட்டில்ல படுத்திருந்தார். என்னை அடையாளம் தெரிஞ்சுது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரலை, கண்ணு கலங்கிடுச்சு. இடது கை மட்டும் கட்டில் சட்டத்துல தட்டிக்கிட்டே இருந்தது. முதல்ல எனக்குப் புரியலை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அது தறிக் கணக்கு. மனசுக்குள்ள அந்தப் பாட்டு ஓடுது, கை தாளம் போடுது, வாய்க்கு மட்டும் வரலை.

அவரைப் பார்த்துக்க வர்ற பிசியோதெரபி தங்கச்சி ஒரு விஷயம் சொன்னாங்க. மூளையோட இடது பக்கம் அடிபட்டா வலது கை கால் விழும், பேச்சும் போகும். ஆனா அப்படிப் பேச்சு போனவங்கள்ல சில பேருக்குப் பேச வராத வார்த்தை பாட வருமாம். இதை வச்சே ஒரு சிகிச்சை முறை இருக்காம். ராகமா இழுத்துச் சொல்லி, இடது கையால தாளம் தட்டி, கொஞ்சம் கொஞ்சமா வார்த்தையை வரவழைக்கிறது. "அவருக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஏதாவது இருந்தா பக்கத்துல உட்கார்ந்து பாடுங்கண்ணா. அவர் பாடுவாரே அதே மாதிரி"ன்னு சொன்னாங்க.

அதே மாதிரி!

தம்பிகளே, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. என் போன்ல நானூறு பாட்டு. அந்த ஒரு பாட்டு இல்லை. புத்தகத்துல வார்த்தை இருக்கு, மெட்டு இல்லை. அவர் ஒன்றரை வருஷமா "குந்து, கூடப் பாடு"ன்னு கூப்பிட்டது எனக்காக மட்டும் இல்லைன்னு அப்போ தோணுச்சு. கொடுத்து வச்சிருந்தா இன்னிக்கு அவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாமே.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அப்போ வாரியார் சுவாமிகள் மாதிரி பெரியவங்க சொன்ன பழைய கதைகளையெல்லாம் யோசிச்சேன். முருகன் பாட்டு நம்ம கைக்கு எப்படி வந்து சேர்ந்துச்சுங்கற கதைகள். அதை உங்களுக்கும் சொல்றேன்.

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுல திருவண்ணாமலையில வாழ்ந்தவர். அவர் பதினாறாயிரம் பாட்டு பாடினார்னு சொல்லுவாங்க. இன்னிக்கு நம்ம கையில இருக்கறது 1,300க்குக் கொஞ்சம் மேல. அதாவது பத்துல ஒரு பங்குகூட இல்லை. இந்த 1,300ம் தானா வரலை. ஒருத்தர் தேடிப் போனதால வந்துச்சு.

அவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. அந்த 'வ' வடக்குப்பட்டு. நம்ம செங்கல்பட்டுப் பக்கம்தான். 1846ல பிறந்தவர். கோர்ட்டு வேலை. 1871வாக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல, அவங்க பெருமைக்கு ஆதாரமா ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துச் சொன்னாங்களாம். அது இவர் காதுல விழுந்துச்சு. ஒரே ஒரு பாட்டு. இவ்வளவு அழகான பாட்டா, இதை எழுதினவர் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார்னு தவிப்பு வந்துடுச்சு.

நமக்கும் அந்தத் தவிப்பு வரும் இல்லையா? ஒரு பாட்டு பிடிச்சுப்போனா, அதே ஆள் பாடின மத்த பாட்டையெல்லாம் தேடித் தேடிக் கேட்போமே, அதே தவிப்புதான். நமக்கு விரல் நுனியில கிடைக்குது. அவருக்கு ஓலைச்சுவடி. எந்த ஊர்ல, யார் வீட்டுப் பரண்ல இருக்குன்னு தெரியாது. வேலை பார்த்துக்கிட்டே ஊர் ஊரா விசாரிச்சார். கிடைச்சதைப் பிரதி எடுத்தார். ஒரே பாட்டு ரெண்டு ஏட்டுல ரெண்டு மாதிரி இருந்தா ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் தொகுதி அச்சுல வந்தது 1890கள்ல. அந்தப் பாட்டு காதுல விழுந்து இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது! 1909ல அவர் மறைஞ்ச பிறகு அவர் பிள்ளை தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைக் கையில எடுத்தார். பாட்டுக்கெல்லாம் உரை எழுதினார். அப்பா கேட்ட ஒரு பாட்டுக்காக ரெண்டு தலைமுறை உழைச்சிருக்கு.

இன்னிக்கு நாம போன்ல தட்டினதும் வர்ற ஒவ்வொரு திருப்புகழுக்குப் பின்னாடியும் இந்த ரெண்டு பேரோட கண்ணு வலி இருக்கு.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஏட்டுலேர்ந்து வந்தது வார்த்தை. சந்தமும் வந்தது, ஏன்னா அருணகிரியார் சந்தத்தை வார்த்தைக்குள்ளேயே கட்டி வச்சிட்டார். ஆனா அவர் எந்த ராகத்துல பாடினாருன்னு ஏடு சொல்லலை. அந்த மெட்டு எங்கயோ நடுவுல நின்னுபோச்சு.

நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவாங்க. யார் சபைக்கு நிக்கலாம், யார் நிக்கக் கூடாது, ஓலையை எப்படிக் குடத்துல போடணும், யார் எடுக்கணும்னு எல்லாம் ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சும் படிக்க முடியுது. கல்லு அவ்வளவு காலம் தாங்கும். ஆனா பாட்டோட மெட்டைக் கல்லுல வெட்ட முடியாது. அதுக்கு ஒரு வாய் வேணும், அது பக்கத்துல ஒரு காது வேணும். அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் திரும்ப வாயைத் திறக்கணும். இதுல ஒரு இடத்துல விட்டுப்போனாலும் அவ்வளவுதான்.

இதை நம்ம சாமியே காட்டியிருக்கார். சுவாமிமலையில என்ன நடந்துச்சு? பிரணவத்துக்குப் பொருள் சொல்லணும். சொல்றவன் குழந்தை. கேட்கறவர் அப்பா, அதுவும் பரமசிவன். பொருளை ஓலையில எழுதிக் கொடுடான்னு அவர் கேட்கலை. கீழே உட்கார்ந்து, கைகட்டி வாய் பொத்தி, காதைக் கொடுத்தார். உலகத்துக்கே அப்பன் குனிஞ்சு காது கொடுத்தான். நான் ஒரு தாத்தா பக்கத்துல பத்து நிமிஷம் குந்தலை.

பக்தியில ஒன்பது வகை சொல்லுவாங்க. முதல் வகை கேட்கறது. பாடறது ரெண்டாவதுதான். முதல் படியில கால் வைக்காம ரெண்டாவதுல ஏற முடியாது. நான் ரெண்டையும் விட்டுட்டு, பட்டியல்லயே இல்லாத ஒண்ணைச் செஞ்சுக்கிட்டு இருந்தேன். தள்ளி விடறது!

இன்னொருத்தர் கதையையும் சொல்றேன். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். பூர்வாசிரமத்துல அவர் பேர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். தீராத வயித்து வலி. பழனிக்குப் போனார், தண்டாயுதபாணியே கதின்னு கிடந்தார். அங்கதான் திருப்புகழ் அவர் காதுல விழுந்துச்சு. அவருக்கு அப்போ தமிழ் படிக்கத் தெரியாது. நடுத்தர வயசுல, அந்தப் பாட்டுக்காகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டார். திருவண்ணாமலைக்குப் போனார், ரமண மகரிஷிகிட்ட இருந்தார். சேஷாத்திரி சுவாமிகள் அவருக்குத் திருப்புகழ்தான் மந்திரம்னு சொல்லி, வள்ளிமலைக்குப் போன்னு அனுப்பினார்.

அவருக்குக் கிடைச்ச பாட்டை அவர் குகைக்குள்ள வச்சுப் பூட்டிக்கலை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஜனவரி ஒண்ணாம் தேதி ஆனா நம்ம ஆளுங்க மாலையும் பழமும் எடுத்துக்கிட்டு துரைமாரைப் பார்க்கப் போவாங்க. 'துரைக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலையில இருக்கான், அவனைப் பார்க்க வாங்க'ன்னு கூப்பிட்டார் சுவாமிகள். டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி திருத்தணியில படிப்பூஜை. மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள். படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நடக்குது. உங்கள்ல பல பேர் போயிருப்பீங்க. அங்க என்ன விசேஷம்னா, பாட்டு தெரியாம வர்ற ஆளும் பத்துப் படி ஏறறதுக்குள்ள கூடப் பாட ஆரம்பிச்சுடுவார். பக்கத்துல பாடறவர் வாயைப் பார்த்துப் பார்த்தே வந்துடும்.

அப்புறம் டெல்லியில ஏ.எஸ். ராகவன். குருஜின்னு சொல்லுவாங்க. 1958லேர்ந்து திருப்புகழ் சொல்லிக் கொடுத்தார். தொலைஞ்சுபோன மெட்டை நெனச்சு அழுதுக்கிட்டு உட்காரலை. சந்தத்தைப் பிடிச்சுக்கிட்டு ஐந்நூறு பாட்டுக்கு மேல ராகமும் தாளமும் அமைச்சார். காசு வாங்காம வகுப்பு எடுத்தார். ஆபீஸ் போறவங்க, வீட்டுல சமைக்கிறவங்க, பிள்ளைங்கன்னு எல்லாரும் உட்கார்ந்து கத்துக்கிட்டாங்க. கத்துக்கிட்டவங்க மும்பைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய், அங்க இருக்கறவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 'திருப்புகழ் அன்பர்கள்'னு இன்னிக்கும் எத்தனையோ ஊர்ல ஒரே குரலாப் பாடறாங்க. சங்கீதம் படிச்சவங்கதான் பாடணும்னு அவர் நெனச்சிருந்தா இது நடந்திருக்காது.

இந்த மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. முதல்ல பாட்டு அவங்களைப் பிடிச்சுக்கிச்சு. பிறகு அதுக்காக அவங்க எதையோ செலவு பண்ணினாங்க. ஒருத்தர் வருஷங்களை, ஒருத்தர் கூச்சத்தை, ஒருத்தர் சாயங்காலங்களை. அப்படிச் செலவு பண்ணின பிறகுதான் அடுத்தவங்களுக்குக் கொடுத்தாங்க. நான் கொடுத்தேன், ஆனா என்ன செலவு பண்ணினேன்? ஒரு நாள் டேட்டா.

சரி, தாத்தா கதைக்கு வரேன்.

மறுநாள் லீவு போட்டுட்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். பஜனையில ஆர்மோனியம் வாசிக்கறவரைக் கேட்டேன். "எனக்கு சுருதி பிடிச்சுக்கத் தெரியும் தம்பி, அந்தப் பாட்டை அவரு ஒருத்தருதான் பாடுவாரு"ன்னார். ஜால்ரா அடிக்கறவருக்கு முதல் ரெண்டு அடி தெரிஞ்சுது, அதுக்கு மேல கலந்து போச்சு. தாத்தாவோட பிள்ளை சென்னையில இருக்கார், அவர் பாட்டுப் பக்கமே வந்ததில்லை. மூணாவது நாள் சாயங்காலம், அவ்வளவுதான் போலிருக்குன்னு கோவில் படியில உட்கார்ந்திருந்தேன்.

அங்க சாமிக்குப் பூ கட்டிக் கொடுக்கற ஒரு பெரியம்மா இருக்காங்க. பஜனை அன்னிக்குத் தூணோரமா உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டே இருப்பாங்க. பாடி நான் பார்த்ததே இல்லை. அவங்க கேட்டாங்க, "இன்னாப்பா, மூணு நாளா அலையறே?" சொன்னேன். "அந்தப் பாட்டா?"ன்னு சொல்லி, கையில இருந்த நாரைக்கூட கீழ வைக்காம, மெதுவா ஆரம்பிச்சாங்க.

முழுப் பாட்டும். அதே மெட்டு. தறிக் கணக்கோட.

எனக்கு அழுகை வந்துடுச்சு. "எப்படிப் பெரியம்மா?"ன்னு கேட்டேன். "முப்பது வருஷமா கேட்கறேனே. வாரத்தை சில இடத்துல எனக்குத் தெரியாது, உளறுவேன். யாரு கேட்டா? யாரும் கேட்கலை, நானும் சொல்லலை"ன்னாங்க.

புத்தகத்துல இருக்கற வார்த்தையை நான் படிச்சேன், மெட்டை அவங்க பாடினாங்க. பக்கத்துல குந்திக் கத்துக்கிட்டேன். இந்தத் தடவை நெஜமாவே குந்தினேன். எட்டு நாள் ஆச்சு எனக்கு. நாலு நிமிஷப் பாட்டுக்கு எட்டு நாள்.

அப்புறம் நாங்க நாலு பேர் தாத்தா வீட்டுத் திண்ணைக்குப் போனோம். கட்டில் பக்கத்துல தரையில உட்கார்ந்து பாடினோம். அவர் கண்ணை மூடிக்கிட்டார். இடது கை சட்டத்துல தட்ட ஆரம்பிச்சுது. பாதியில ஒரு இடம் வந்தப்போ கை சட்டுனு நின்னுடுச்சு. பயந்துட்டோம். பெரியம்மாதான் புரிஞ்சுக்கிட்டு, "நாம தப்பாப் பாடறோம், அந்த இடத்துல மேல போகணும் போலிருக்கு"ன்னாங்க. மாத்திப் பாடினோம். கை தட்டலை. வேற மாதிரி மாத்தினோம். தட்டுச்சு!

நம்ம காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கதை ஞாபகம் வந்துச்சு. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதி, ஓலையை ராத்திரி கருவறையில வச்சுட்டு வருவாராம். காலையில முருகனே திருத்தி வச்சிருப்பாராம். அரங்கேற்றத்துல முதல் சொல்லுக்கே இலக்கணம் எங்கன்னு ஒருத்தர் மடக்கினப்போ, முருகனே ஒரு புலவரா வந்து விதியைக் காட்டினார்னு சொல்லுவாங்க. ஒரு பாட்டை நாலு பேர் முன்னாடி கொண்டுபோய் வச்சா, திருத்தறதுக்கும் ஆள் வரும். எங்களுக்கு அன்னிக்குத் திருத்தினது ஒரு இடது கை.

அதிசயம் நடந்துச்சு, தாத்தா எழுந்து உட்கார்ந்து பாடினார்னு நான் எழுத மாட்டேன். பொய் சொல்லி முருகனுக்குப் புகழ் சேர்க்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் போய்ப் பாடறோம். அஞ்சாவது வாரம், கடைசி அடி வந்தப்போ அவர் தொண்டையிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. வார்த்தை இல்லை, மெட்டு. எங்களோட சேர்ந்து இறங்கி முடிஞ்சுது. பாட்டி அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து வாசக்கால்லயே நின்னுட்டாங்க. போன வாரம் அதே இடத்துல 'முரு' வரைக்கும் வந்துச்சு. அவ்வளவுதான். இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கோம்.

இப்போ அந்தக் கிராமத்துல அந்தப் பாட்டு ஆறு பேருக்குத் தெரியும். அதுல ரெண்டு பேர் ஸ்கூல் பசங்க. ரெக்கார்டும் பண்ணியாச்சு, பெரியம்மா குரல்ல. அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் வெளிய அனுப்பணும்னு வச்சிருக்கேன். "முழுசாத் திருத்தி முடிச்சுட்டு அனுப்புப்பா, தப்பு ஊரெல்லாம் போயிடப் போவுது"ங்கறாங்க.

தம்பிகளே, தங்கைகளே, பாட்டு அனுப்பாதீங்கன்னு நான் சொல்லலை. நல்லா அனுப்புங்க. எங்கயோ நைட் ஷிப்ட்ல இருக்கற ஒருத்தனுக்கு உங்க பாட்டுதான் துணை. ஆனா இந்த கிருத்திகையிலேர்ந்து நான் எனக்கு வச்சிருக்கற சில கட்டுப்பாட்டை உங்களுக்கும் சொல்றேன். முடிஞ்சா நீங்களும் எடுத்துக்குங்க.

ஒண்ணு, முழுசாக் கேட்காத பாட்டை யாருக்கும் அனுப்பறதில்லை.

ரெண்டு, அனுப்பும்போது யார் எழுதினது, யார் பாடினது, இது எனக்கு எப்படிக் கிடைச்சுது, ஏன் பிடிச்சுதுன்னு ரெண்டு வரி என் கையால எழுதறேன். வேற ஒருத்தர் குரலைப் பேர் இல்லாம அனுப்பறது, கோவில்ல அடுத்தவர் பேர்ல வந்த அர்ச்சனைத் தட்டை நம்ம பேர்ல வாங்கற மாதிரி.

மூணு, வாரத்துக்கு ஒரு பாட்டு கேட்கலாம், மாசத்துக்கு ஒரு பாட்டாவது பாடக் கத்துக்கணும். குரல் சரியில்லைன்னு சொல்லாதீங்க. பூ கட்டற பெரியம்மாவுக்கும் நல்ல குரல்னு யாரும் சொன்னதில்லை. மூணு நாள் தேடினப்போ கிடைச்சது அந்தக் குரல்தான்.

நாலு, உங்க ஊர்ப் பாட்டைத் தேடுங்க. அருணகிரியார் இருநூறு தலத்துக்கு மேல பாடியிருக்கார். உங்க ஊரோ, பக்கத்து ஊரோ, உங்க அம்மா பிறந்த ஊரோ அதுல இருக்கலாம். புத்தகத்துல பார்த்துட்டு நிறுத்தாதீங்க. அந்த ஊர் பஜனைக் கோவில்லயும், காவடிக் குழுவுலயும், திண்ணையிலயும் போய்க் கேளுங்க. "இதை இங்க எப்படிப் பாடுவீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். பல பெரியவங்க யாராவது கேட்பாங்களான்னு காத்துக்கிட்டு இருக்காங்க.

இன்னிக்கு சாயங்காலம் கோவிலுக்குப் போவீங்க இல்லை? அங்க ஏதாவது ஒரு மூலையில, ஒரு தாத்தாவோ ஆயாவோ தனக்குத்தானே முணுமுணுத்துக்கிட்டு இருப்பாங்க. தீபாராதனை முடிஞ்சதும் போனை எடுக்காதீங்க. பக்கத்துல போய்க் குந்துங்க. காதைக் கொடுங்க. வீட்டுக்கு வர பத்து நிமிஷம் லேட் ஆனா அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

உங்களுக்கு என்ன பாட்டு கிடைச்சுதுன்னு எனக்குச் சொல்லுங்க. பாடியே சொல்லுங்க, எழுத வேண்டாம். நான் கடைசி வரைக்கும் கேட்பேன்.

அந்தத் தாத்தாவுக்காக இன்னிக்கு ஒரு விளக்கு ஏத்துங்க. 'முரு'வுக்கு அடுத்த எழுத்து அவர் வாய்க்குச் சீக்கிரம் வரணும்னு வேண்டிக்குங்க.

வேலும் மயிலும் துணை.
முருகா சரணம் 🙏